மறந்துவிடு என்றால் மறக்காது: பி.டி.எஸ்.டி. பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். எட்டு மாதத்துக்கு முன்பு இரவுப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது எதிரே வந்த லாரி மோதியது. அவருக்குக் கையில் எலும்பு முறிவு. பக்கத்து இருக்கையில் இருந்தவர் அங்கேயே இறந்துபோனார். இப்போது எலும்பு கூடிவிட்டது, கட்டைப் பிரித்தாயிற்று, வேலைக்கும் போகிறார். ஆனால் வீட்டில் யாராவது கண்ணாடி டம்ளரைக் கைதவறிப் போட்டு உடைத்தால், அந்தச் சத்தம் காதில் விழுந்த கணத்தில் அவர் சமையலறையில் இல்லை. பேருந்தில் இருக்கிறார். டீசல் நாற்றம் மூக்கில் ஏறுகிறது, வாயில் கண்ணாடித் தூள் நறநறக்கிறது. சில விநாடிகள்தான். அப்புறம் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், உடம்பெல்லாம் தொப்பலாக நனைந்திருக்கிறது. சுற்றியிருப்பவர்கள் ஆளாளுக்குச் சொல்வது ஒன்றுதான்: “அதையே நினைச்சிட்டு இருக்காதே, மறந்துடு.”

அவர் எங்கே நினைக்கிறார்? நினைக்காமல் இருப்பதற்குத்தானே எட்டு மாதமாகப் படாத பாடு படுகிறார்!

இந்த நிலைக்கு மருத்துவத்தில் வழங்கும் பெயர் ‘போஸ்ட் ட்ராமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸார்டர்’, அதன் சுருக்கம் பி.டி.எஸ்.டி. தமிழில் ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’ என்று எழுதுகிறார்கள். ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாத பெயர். இலங்கைத் தமிழ் மனநல எழுத்துகளில் ‘மனவடு’ என்ற சொல் புழங்குகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. வடு என்றால் ஆறிய புண்ணின் தடம். இங்கே சிக்கலே புண் இன்னும் ஆறாமல் இருப்பதுதான். பெயர் எதுவானாலும் சரி, இந்தக் கட்டுரையில் பி.டி.எஸ்.டி. என்றே எழுதுகிறேன். மருத்துவரிடம் போனால் அதைத்தான் கேட்பீர்கள்.

தேதி விழாத நினைவு

நம்முடைய பழைய நினைவுகள் பெரும்பாலும் ஒரு தேதி முத்திரையோடு வரும். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். வலி நினைவிருக்கும், அழுததும் நினைவிருக்கும். கூடவே ‘அது எப்போதோ நடந்தது, முடிந்துபோனது’ என்ற உணர்வும் சொல்லாமலே சேர்ந்து வரும்.

உயிர் போய்விடும் என்ற பயத்தில் பதிகிற நினைவு இப்படிச் சீராகப் பதிவதில்லை. சத்தம், வாசனை, வெளிச்சம், உடம்பில் பட்ட இடி என்று துண்டு துண்டாக, ஆனால் மிக அழுத்தமாகப் பதிகிறது. எது முதலில் நடந்தது, எது அப்புறம், எங்கே, எப்போது என்று அவற்றைக் கோக்கிற நூல் மட்டும் தளர்ந்து கிடக்கிறது. ஆகவே ஒரு துண்டை எதாவது ஒன்று தட்டி எழுப்பினால், ‘முன்பு நடந்தது’ என்ற முத்திரை இல்லாமல், ‘இதோ நடக்கிறது’ என்ற உணர்வோடு அது எழுந்து வருகிறது. அன்கே ஏலர்ஸ், டேவிட் கிளார்க் என்ற இரு உளவியலாளர்கள் 2000-இல் முன்வைத்த விளக்கத்தின் சாரம் ஏறத்தாழ இதுதான்: கடந்துபோன ஆபத்தை மனம் இப்போதும் தொடரும் ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது.

மூளைப் பக்கம் இருந்து பார்த்தால், மூன்று இடங்களின் பெயரைத் தெரிந்துவைத்தால் போதும். அமிக்டலா என்பது ஆபத்து மணி அடிக்கிற இடம். ஹிப்போகாம்பஸ், நிகழ்வுகளை இடத்தோடும் நேரத்தோடும் சேர்த்துப் பதிவதில் முக்கியப் பங்கு வகிப்பது. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளைப் பகுதி, “சரி, ஒன்றுமில்லை, அடங்கு” என்று மணியை நிறுத்துவது. பி.டி.எஸ்.டி. உள்ளவர்களைப் பல ஆய்வுகளில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, மணி அதிகமாக அடிப்பதும், நிறுத்துகிற கை தளர்ந்திருப்பதும் தெரியவந்தது. ஹிப்போகாம்பஸ் சராசரியைவிடச் சற்றுச் சிறிதாக இருப்பதும் கண்டுபிடிக்கப்பட்டது.

அந்தச் சிறுத்தல் அதிர்ச்சியால் வந்ததா, முன்பே இருந்ததா? இதற்கு அழகாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வியட்நாம் போருக்குப் போய்வந்தவர்களையும், போருக்கே போகாத அவர்களுடைய ஒருகரு இரட்டைச் சகோதரர்களையும் ஒப்பிட்டது 2002-இல் வெளியான ஓர் ஆய்வு. கடுமையான பி.டி.எஸ்.டி. இருந்தவர்களுடைய சகோதரர்களுக்கும், அவர்கள் போர்முனையைப் பார்க்காதபோதும், ஹிப்போகாம்பஸ் சிறிதாகவே இருந்தது. அப்படியென்றால் ஒரு பங்கு பிறவியிலேயே அமைகிற தன்மையாக இருக்கலாம். குட்டையாகப் பிறந்தவரிடம் “ஏன் நீ உயரமாகப் பிறக்கவில்லை” என்று யாரும் கேட்பதில்லை. “ஒரே பேருந்தில் போன மற்றவர்கள் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறார்கள், உனக்கு மட்டும் என்ன?” என்ற கேள்வியும் அதே ரகம்தான்.

எப்படியெல்லாம் வெளிப்படும்?

அறிகுறிகளை நான்கு கொத்தாகப் பிரிப்பது வழக்கம். முதல் கொத்தைப் பேருந்துப் பெண்ணிடம் பார்த்துவிட்டோம்: அழைக்காமல் வந்து நிற்கிற நினைவுகள், கெட்ட கனவுகள், மறுபடி அங்கேயே இருப்பது போன்ற உணர்வு, நினைவூட்டுகிற எதைக் கண்டாலும் படபடப்பு.

இரண்டாவது, விலகி ஓடுவது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது என்பார்கள். அவர் பேருந்தில் ஏறுவதை விட்டார். அப்புறம் பேருந்து ஓடும் சாலையை விட்டுச் சந்து வழியாக நடந்தார். அப்புறம் இரவில் வெளியே போவதை நிறுத்தினார். செய்தியில் விபத்து என்று வந்தால் டிவியை அணைத்தார். இறந்தவரின் குடும்பம் போனில் அழைத்தபோது எடுக்கவில்லை. ஒவ்வொரு முறை விலகும்போதும் உடனடியாக ஒரு நிம்மதி கிடைக்கிறது, அதில்தான் பொறி இருக்கிறது. ‘விலகியதால்தான் தப்பித்தேன்’ என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. பேருந்தில் ஏறினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதே இல்லை. இந்த ஒரு கண்ணியைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் சிகிச்சை முழுக்கப் புரியும்.

மூன்றாவது கொத்தை வீட்டில் இருப்பவர்கள்கூட நோயாக எண்ண மாட்டார்கள். ‘ஆள் மாறிப்போச்சு’ என்பார்கள். எதிலும் பிடிப்பில்லை, யாரோடும் ஒட்டுதல் இல்லை, குழந்தை சிரித்தாலும் மனத்தில் ஒன்றும் அசையவில்லை. ‘உலகத்தில் எங்குமே பாதுகாப்பில்லை’, ‘நான் உதவாக்கரை’, ‘எல்லாம் என்னால்தான்’ என்கிற எண்ணங்கள். அந்தச் சம்பவத்தின் ஒரு பகுதி சுத்தமாக நினைவில்லாமல் போவதும் இதில்தான் சேரும்.

நான்காவது, அணையாத உஷார்நிலை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தூக்கம் வராது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும், எங்கே உட்கார்ந்தாலும் வாசலைப் பார்த்து முதுகைச் சுவரில் சாய்த்தால்தான் நிம்மதி. எரிச்சல் சட்டென்று வெடிக்கும். சிலர் தாறுமாறாக வண்டி ஓட்டுவார்கள், தங்களைத் தாங்களே ஆபத்தில் தள்ளிக்கொள்வார்கள்.

சின்னக் குழந்தைகளிடம் இவை வேறு உருவத்தில் வரும். வாயால் சொல்லத் தெரியாத குழந்தை பொம்மை வண்டிகளைத் திரும்பத் திரும்ப மோதவைத்து விளையாடும், அந்த விளையாட்டில் மகிழ்ச்சியே இருக்காது. நிறுத்தியிருந்த படுக்கை நனைத்தல் திரும்ப வரலாம்.

பெயர் கிடைத்த கதை

நோய் பழையது, பெயர்தான் புதியது. 1860-களில் ரயில் விபத்தில் சிக்கியவர்களுக்கு, வெளிக்காயம் பெரிதாக இல்லாமலே நடுக்கமும் தூக்கமின்மையும் வருவதை லண்டன் அறுவைசிகிச்சை மருத்துவர் ஜான் எரிக்சன் எழுதினார். முதுகெலும்பு அதிர்ந்துபோனதால் வருகிறது என்று அன்று நினைத்ததால் ‘ரயில் முதுகெலும்பு’ என்று அதற்குப் பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களின் படபடப்பை 1871-இல் மருத்துவர் ஜேக்கப் டா கோஸ்டா இதய நோய்ப் பக்கம் வைத்து விவரித்தார். முதல் உலகப் போரில் அது ‘ஷெல் ஷாக்’, அதாவது குண்டு வெடித்த அதிர்ச்சி, ஆனது. 1915-இல் அந்தச் சொல்லை மருத்துவ இதழில் அச்சேற்றிய உளவியலாளர் சார்லஸ் மையர்ஸே பின்னால் அந்தப் பெயர் பொருந்தாது என்று உணர்ந்தார், ஏனென்றால் குண்டு வெடித்த இடத்துக்குப் பக்கத்தில்கூடப் போகாதவர்களுக்கும் அது வந்தது. கோழைகள் என்று பட்டம் கட்டப்பட்டவர்களும், போர்முனையைவிட்டு ஓடியதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டவர்களும் அந்தப் போரில் உண்டு. அவர்களில் எத்தனை பேர் நோயாளிகள் என்று இனி யாரால் எண்ண முடியும்?

திருப்பம் 1970-களில் வந்தது, அதுவும் இரண்டு பக்கங்களிலிருந்து. ஒரு பக்கம் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள். இன்னொரு பக்கம், பாலியல் வன்முறைக்கு ஆளாகி மருத்துவமனைக்கு வந்த பெண்களிடம் அதே மாதிரியான அறிகுறிகளைக் கண்டு 1974-இல் எழுதிய செவிலியர் ஆன் பர்ஜஸ், சமூகவியலாளர் லிண்டா ஹோம்ஸ்ட்ராம். போர்முனையும் பாலியல் வன்முறையும் ஒரே தடத்தை விட்டுச்செல்கின்றன என்பது தெளிவானது. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் மனநோய்களை வரையறுக்கும் தன் டி.எஸ்.எம். கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பி.டி.எஸ்.டி.யைச் சேர்த்தது. காரணம் ஆளுக்கு உள்ளே இல்லை, அவருக்கு நேர்ந்ததில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது அன்றைக்குப் பெரிய விஷயம்.

யாருக்கு வரும்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வாழ்நாளில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் இப்படிப்பட்ட ஒரு கொடிய சம்பவத்தைச் சந்திக்கிறார்கள். அவர்களில் பி.டி.எஸ்.டி. வருவது 5.6 சதவீதம் பேருக்குத்தான். இந்த எண்ணை இரண்டு விதமாகப் படிக்கலாம். பெரும்பாலான மனங்கள் தாமாகவே தேறிவிடுகின்றன என்பது ஒன்று. மீதிப் பேரை உலக அளவில் கூட்டினால் பல கோடி என்பது இன்னொன்று.

சம்பவத்தின் வகையைப் பொறுத்து இந்த விகிதம் வெகுவாக மாறும். புயலோ வெள்ளமோ விட்டுச்செல்வதைவிட, ஒரு மனிதர் வேண்டுமென்றே செய்த கொடுமை ஆழமாக இறங்கும். பாலியல் வன்முறை இந்த வரிசையில் முன்னால் நிற்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம். சம்பவத்துக்கு முன்னால் இருந்ததைவிடப் பின்னால் நடப்பதும் கனமானது: அப்புறம் ஆதரவாக யாராவது இருந்தார்களா, சொன்னதை நம்பினார்களா, “நீ ஏன் அந்த நேரத்தில் அங்கே போனாய்?” என்று கேட்டார்களா? பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆதரவு இல்லாமை வலுவான காரணிகளில் ஒன்றாக வந்தது. சம்பவத்தை நம்மால் மாற்ற முடியாது, இதை முடியும்.

மருத்துவர் எப்படி முடிவு செய்கிறார்?

ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனில் தெரியாது. மேலே சொன்ன மூளை ஆய்வுகள் கூட்டத்தின் சராசரியைத்தான் காட்டுகின்றன, தனி ஆளின் ஸ்கேனைப் பார்த்து ‘இவருக்கு இருக்கிறது’ என்று சொல்ல முடியாது. பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் கேள்வி, நடந்தது என்ன? 2013-இல் வந்த டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பின்படி, சாவு, சாவு மிரட்டல், பெருங்காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றில் ஒன்று நேர்ந்திருக்க வேண்டும். தனக்கே நேர்ந்திருக்கலாம், கண்முன் நடந்திருக்கலாம், மிக நெருங்கியவருக்கு வன்முறையாலோ விபத்தாலோ நேர்ந்ததைக் கேள்விப்பட்டிருக்கலாம். பிணங்களை எடுக்கும் மீட்புப் பணியாளர், குழந்தைகள் மீதான கொடுமை வழக்குகளை நாள்தோறும் விசாரிக்கும் போலீஸ்காரர் போல வேலையாகவே அதில் ஊறியிருப்பவர்களும் இதில் அடக்கம். வேலை போனது, காதல் முறிந்தது, தேர்வில் தோற்றது எல்லாம் மனத்தை நொறுக்கலாம், உதவியும் தேவைப்படலாம். ஆனால் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அவற்றுக்குப் பொருந்தாது. இப்போதெல்லாம் தலைமுடி சரியாக வெட்டப்படாததைக்கூட ‘ட்ராமா’ என்கிறார்கள். வேடிக்கைதான், ஆனால் நிஜமாகவே ட்ராமாவோடு இருப்பவர் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குக் கனம் இல்லாமல் போகிறது.

அடுத்து எண்ணிக்கை. ஊடுருவும் நினைவுகளில் ஒன்றாவது, விலகலில் ஒன்றாவது, எண்ணமும் மனநிலையும் மாறியதில் இரண்டாவது, உஷார்நிலையில் இரண்டாவது இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையோ உறவையோ அன்றாடத்தையோ கெடுத்திருக்க வேண்டும். ஒரு மாதம் என்ற கணக்குக்குக் காரணம் இருக்கிறது. கோரத்தைப் பார்த்த முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் எந்த மனத்துக்கும் இயல்பு. மூன்று நாளிலிருந்து ஒரு மாதம் வரை கடுமையாக இருந்தால் அதற்குக் ‘கடும் மன அழுத்தக் கோளாறு’ என்று தனிப் பெயர். மாறாக, சிலருக்கு ஆறு மாதம் தாண்டித்தான் முழு உருவம் வெளிவரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. என்ற நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பு, 2022 முதல் நடைமுறையில் இருப்பது, விளக்கத்தைச் சுருக்கிவிட்டது. நிகழ்காலத்தில் நடப்பதுபோல் மறுபடி அனுபவிப்பது, விலகுவது, இப்போதும் ஆபத்து சூழ்ந்திருக்கும் உணர்வு, இந்த மூன்றும் போதும் என்கிறது. கூடவே ‘சிக்கலான பி.டி.எஸ்.டி.’ என்ற தனி நோயையும் சேர்த்தது. குழந்தைப் பருவக் கொடுமை, வருடக்கணக்கான குடும்ப வன்முறை, சித்திரவதை என்று தப்பிக்க வழியில்லாமல் நீண்ட கொடுமைகளுக்குப் பின் பெரும்பாலும் வருவது இது. அடிப்படை அறிகுறிகளோடு, உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்க முடியாமை, தன்னைக் கேவலமாக எண்ணுவது, யாரோடும் நெருங்க முடியாமை ஆகியவையும் சேர்ந்துவரும்.

இணையத்தில் பி.சி.எல்.-5 என்ற 20 கேள்விப் படிவத்தைப் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 80. 31 முதல் 33-க்கு மேல் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பொருள், அதுவே முடிவாகிவிடாது. முறையான நேர்காணல் செய்பவர் மனச்சோர்வு, குடிப்பழக்கம், தலைக்காயம், தைராய்டு என்று மற்றவற்றையும் விசாரிப்பார், ஏனென்றால் இவற்றின் அறிகுறிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மனச்சோர்வும் குடியும் பி.டி.எஸ்.டி.யோடு கைகோத்தே வருவதும் அதிகம். தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்கியவரிடம் குடியை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டால் மூலம் அப்படியே இருக்கும்.

சிகிச்சை: எதைவிட்டு ஓடினோமோ, அதை நோக்கி

சிகிச்சையில் முதலிடம் பேச்சுக்குத்தான், மாத்திரைக்கு இல்லை. பேச்சு என்றால் ஆறுதல் பேச்சு இல்லை, ஒழுங்கான முறைப்படி நடப்பது. நன்றாகச் சோதிக்கப்பட்டவை என்று மூன்றைச் சொல்லலாம்.

முதலாவது, எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் முறை. வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை. நம் பேருந்துப் பெண் இந்தச் சிகிச்சைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் சிகிச்சையாளரோடு உட்கார்ந்து, விலகி ஓடுகிறவற்றை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பயம் என்று நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறார். நின்றுகொண்டிருக்கிற பேருந்தைத் தள்ளி நின்று பார்ப்பது, 35. பகலில் இரண்டு நிறுத்தம் போவது, 60. இரவில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போவது, 95. சின்ன எண்ணிலிருந்து தொடங்குகிறார்கள். போய் நிற்க வேண்டும், பயம் ஏறும், அது தானாக இறங்கத் தொடங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். பாதியில் ஓடிவந்தால் பழைய பொறிக்கே தீனி போட்டதாகும்.

கடினமான பகுதி அடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு, அந்த இரவை நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும்: “ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கேன். எதிரே வெளிச்சம் தெரியுது.” அது பதிவாகிறது, அடுத்த அமர்வுவரை தினமும் வீட்டில் கேட்க வேண்டும். முதல் தடவை சொல்லும்போது அவர் வெளிச்சத்திலிருந்து நேராக ஆம்புலன்ஸுக்குத் தாவிவிடுகிறார். இடையில் இருந்த சில நிமிடங்கள் காணோம். நாலாவது தடவையில் சொல்கிறார்: பக்கத்தில் இருந்தவரின் கை தன் கையைப் பிடித்திருந்தது, அது மெல்ல விட்டது. அன்று நிறைய அழுகிறார். எட்டாவது தடவை அதே இடத்தைச் சொல்லும்போதும் வருத்தம் இருக்கிறது, ஆனால் குரல் உடையவில்லை. நினைவு அழியவில்லை. முன்னும் பின்னும் கோக்கப்பட்டு, தேதி விழுந்து, நடந்துமுடிந்த ஒன்றாக மாறியிருக்கிறது.

இரண்டாவது, பட்ரீஷியா ரீசிக் உருவாக்கிய அறிவார்ந்த செயலாக்க முறை, வழக்கமாக 12 அமர்வுகள். இது நினைவைவிட, அதில் மாட்டிக்கொண்ட எண்ணத்தைப் பிடிக்கிறது. அந்தப் பெண்ணுக்குள் யாரிடமும் சொல்லாத ஒரு வரி இருக்கிறது: ‘ஜன்னல் ஓரம் வேணும்னு நான்தான் கேட்டு இடம் மாறினேன். மாறாமல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.’ “அப்படியெல்லாம் நினைக்காதீங்க” என்று சிகிச்சையாளர் தள்ளிவிட மாட்டார். கேள்வி கேட்பார்.

“இடம் மாறும்போது லாரி வரும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எந்த இருக்கை தப்பிக்கும்னு தெரியுமா?”

“இல்லை.”

“உங்க தங்கச்சி இதே மாதிரி இடம் மாறி இருந்தா, அவங்களைக் கொலைகாரின்னு சொல்வீங்களா?”

நீண்ட மௌனம். விபத்துக்குப் பிறகு தெரிந்துகொண்டதை வைத்து, விபத்துக்கு முன்னால் இருந்த தன்னை விசாரிக்கிறோம் என்பது அந்த மௌனத்தில்தான் உறைக்கும். இந்தக் குற்றவுணர்வுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ‘என் தவறு’ என்று நம்புவது கொடுமையானதுதான், ஆனால் ‘யார் தவறும் இல்லாமலே இப்படி நடக்கலாம்’ என்பதைவிட மனத்துக்கு அது எளிது. தவறு என்னுடையது என்றால் அடுத்த முறை தடுக்கலாம் அல்லவா? அதனால்தான் அதை அவ்வளவு சுலபத்தில் கைவிட மாட்டார்கள்.

மூன்றாவது, இ.எம்.டி.ஆர். எனப்படும் கண் அசைவு முறை. 1987-இல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண்கள் இருபுறமும் அசைகையில் தன் மனத்தை உறுத்திய எண்ணம் தணிந்ததைக் கவனித்ததாக இதை உருவாக்கிய ஃபிரான்சின் ஷபிரோ சொன்னார். நினைவை மனத்தில் நிறுத்திக்கொண்டே, சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் தொடர வேண்டும். பார்க்கச் செப்படிவித்தை மாதிரி இருக்கும். பலன் இருக்கிறது என்பதற்குச் சான்று உண்டு, கண் அசைவால்தான் பலன் வருகிறதா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. என் பார்வையில், நினைவை விட்டு ஓடாமல் அதன் முன்னால் உட்காரவைப்பது இதிலும் இருக்கிறது.

இவை எல்லாம் சுகமான சிகிச்சைகள் இல்லை. தொடக்க வாரங்களில் கனவுகள் கூடுவதாகச் சிலர் சொல்வார்கள், பாதியில் நிறுத்துகிறவர்களும் உண்டு. எல்லோருக்கும் முழுக் குணம் கிடைப்பதில்லை, சிலருக்கு எரிச்சலோ தூக்கக் குறைவோ எஞ்சும். இன்னும் கொடுமை நடக்கும் வீட்டிலேயே ஒருவர் இருந்தால், முதலில் பாதுகாப்பு, அப்புறம்தான் நினைவு.

மருந்துகள்

செர்ட்ராலின், பராக்ஸிடின் என்ற இரு மனச்சோர்வு மருந்துகள் அமெரிக்காவில் பி.டி.எஸ்.டி.க்கென்றே அனுமதி பெற்றவை. வென்லாஃபாக்ஸினும் பயன்படுகிறது. பலன் தெரியச் சில வாரம் ஆகும், இரண்டு நாள் போட்டுவிட்டு ‘கேட்கவில்லை’ என்று நிறுத்துவதில் பயனில்லை. பேச்சுச் சிகிச்சை கிடைக்காத இடத்திலும், மனச்சோர்வும் சேர்ந்திருக்கும்போதும் இவை நல்ல கைத்தாங்கல். ரத்த அழுத்தத்துக்கான பிரசோசினைக் கெட்ட கனவுகளுக்குக் கொடுப்பதுண்டு. முன்னாள் படைவீரர்களிடம் நடந்து 2018-இல் வெளியான பெரிய ஆய்வில் வெற்று மாத்திரையைவிட அது மேலாக வரவில்லை. ஆனாலும் சிலருக்குப் பலன் தருகிறது என்று மருத்துவர்கள் தொடர்கிறார்கள்.

அல்பிரசோலம், டயஸிபாம் வகை மாத்திரைகளில்தான் எச்சரிக்கை வேண்டும். அரை மணியில் படபடப்பு அடங்கும், கேட்டு வாங்கத் தோன்றும். ஆனால் பி.டி.எஸ்.டி.யை அவை குணப்படுத்துவதில்லை, பழக்கமாகிவிடும், எதிர்கொள்ளல் சிகிச்சையின் பலனையும் மங்கச் செய்யலாம். அமெரிக்க ராணுவ, முன்னாள் படைவீரர் துறைகளின் வழிகாட்டுதல் அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. ஏற்கெனவே எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்தக் கூடாது, வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருளைச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுப்பது பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதற்கு அனுமதி மறுத்து, மேலும் ஆய்வு வேண்டும் என்றது.

பக்கத்தில் இருப்பவர்கள்

‘மறந்துடு’ என்பதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு: சம்பவம் நடந்த சூட்டிலேயே உட்காரவைத்து, எல்லாவற்றையும் கொட்டச் சொல்வது. 1980-களில் இது ஒரு முறையாகவே பரவியது. அப்புறம் சோதித்துப் பார்த்தபோது ஒரே அமர்வில் இப்படிக் கொட்டவைப்பது பி.டி.எஸ்.டி.யைத் தடுக்கவில்லை. தீக்காயம் பட்டவர்களிடம் நடந்து 1997-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 9 சதவீதம் பேருக்கும் 13 மாதத்துக்குப் பிறகு பி.டி.எஸ்.டி. இருந்தது. இரு குழுக்களும் தொடக்கத்திலேயே சமமாக இல்லை என்ற விமர்சனம் உண்டு. ஆனாலும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அந்த முறைக்கு ஆதரவு கிடைக்கவில்லை. சிகிச்சையில் திரும்பத் திரும்பப் பேசுவது பலன் தருகிறது, இங்கே பேசுவது ஏன் உதவவில்லை? அங்கே நேரம், ஒழுங்கு, அவருடைய சம்மதம், பயம் இறங்கும்வரை காத்திருப்பது எல்லாம் இருக்கின்றன. இங்கே காயத்தைக் கிளறிவிட்டு எழுந்துபோகிறோம்.

முதல் நாட்களுக்கு 2011-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று வேலை சொல்கிறது: பார், கேள், இணை. காயம் இருக்கிறதா, பாதுகாப்பாக இருக்கிறாரா என்று பார்ப்பது. அவர் சொன்னால் கேட்பது, சொல்லாவிட்டால் தோண்டாமல் இருப்பது. குடும்பத்தோடும் தேவையான உதவிகளோடும் இணைத்துவிடுவது.

சில வாரம் கழித்தும் தேறவில்லை என்றால் சிகிச்சைக்கு அழைத்துப்போக வேண்டும். சிகிச்சையாளரிடம் “பி.டி.எஸ்.டி.க்கு எந்த முறையில் சிகிச்சை தருவீங்க? அதில் பயிற்சி எடுத்திருக்கீங்களா?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் வாரக்கணக்கு பார்க்கவே கூடாது. அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண், அதுவரை ஆளைத் தனியே விடக் கூடாது.

பழைய நினைவு வந்து ஆள் ‘அங்கே’ போய்விட்டால், இங்கே கொண்டுவருவதற்கு எளிய வழி புலன்கள்தான். கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருளைச் சொல்லச் சொல்லலாம், கையில் குளிர்ந்த தண்ணீர் கொடுக்கலாம், இன்றைக்கு என்ன தேதி, எந்த அறையில் இருக்கிறோம் என்று நிதானமாகச் சொல்லலாம். இது அந்த நேரத்துக் கைமருந்து, சிகிச்சை இல்லை. கெட்ட கனவில் கத்துகிறவரைத் தோளைப் பிடித்து உலுக்க வேண்டாம். அவர் கனவில் யாரோடு போராடுகிறாரோ அவராக உங்களை நினைத்து அடித்துவிடலாம். சற்றுத் தள்ளி, கால்மாட்டில் நின்று, விளக்கைப் போட்டு, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். “வீட்டில்தான் இருக்கே, நான்தான்” என்று சொல்லுங்கள்.